ஒரு மணித்தியாலம் இருப்பியா தம்பி? வீட்டில் நோயாளியைப் பார்ப்பவருக்குக் கைகொடுக்க ஒரு வழிகாட்டி

அம்மாவுக்குப் பாரிசவாதம் (பக்கவாதம்) வந்து மூன்றாம் மாதம், கொழும்பிலிருந்து மட்டக்களப்புப் பக்கத்து மண்டூருக்குப் போனேன். கையில் இரண்டு கிலோ அப்பிள், ஒரு பெட்டி திராட்சை, நெஸ்டமோல்ட் பக்கெட். அக்கா பையை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "பழமெல்லாம் பிறகு பாப்பம் தம்பி. ஒரு மணித்தியாலம் அம்மாவோட இருப்பியா? நான் முழுகிட்டு வாறன்" என்றார். அவர் தலை முழுகிப் பதினொரு நாளாம். கிணற்றடிக்குப் போனவர் அரை மணித்தியாலம் கழித்தும் வரவில்லை என்று எட்டிப் பார்த்தால், ஈரத்தலையோடு திண்ணையில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அப்பிளை மென்று விழுங்க அம்மாவால் முடியாது என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பாரிசவாதம், பார்க்கின்சன், மறதி நோய், வலிப்பு, முள்ளந்தண்டுக் காயம், குழந்தைகளின் மூளை வாதம் என்று மூளையும் நரம்பும் சம்பந்தப்பட்ட நோய் உள்ள வீடுகளில் சம்பளமில்லாமல் இரவு பகலாக வேலை செய்கிற ஒருவர் இருப்பார். அவருக்கு உதவ நினைக்கிற சகோதரர், மச்சாள், பக்கத்து வீட்டார், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நோயாளிக்கு நாம் சாமான் கொண்டுபோகிறோம். பார்ப்பவருக்குத் தேவை மணித்தியாலம்.

1. யார் பார்க்கிறார் என்று முதலில் பாருங்கள்

எங்கள் பக்கத்தில் இது பெரும்பாலும் மகள்தான். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும், தமிழர் முஸ்லிம் இரு பகுதியாரிடமும், வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். வயதான தாய் தகப்பனும் அநேகமாக ஒரு மகளின் வளவிலேயே தங்கிவிடுவார்கள். இதில் ஒரு நன்மை உண்டு: மற்ற சகோதரிகள் அடுத்த வேலிக்குள் இருப்பார்கள். கெடுதலும் அதிலேயே உண்டு. "அவ வீட்டிலதானே அம்மா இருக்கா" என்று எல்லாரும் சொல்லிவிடலாம்.

ஒரு முழு நாள் அந்த வீட்டில் இருந்து, நடப்பதை நேரத்தோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். நான் எழுதியதில் ஒரு துண்டு: விடிய 4.30 பம்பஸ் மாற்றினார், 5.00 அடுப்பு, 6.00 திருப்பினார்; 6.20 பிள்ளைகளுக்குச் சாப்பாடு; 7.00 அம்மாவுக்குக் கஞ்சி, முடிய 7.50. ஒரு கோப்பைக் கஞ்சிக்கு ஐம்பது நிமிடம்! இரவில் மூன்று தரம் எழும்பினார். "அக்கா கஷ்டப்படுறா" என்று பொதுவாகச் சொன்னால் குடும்பத்தில் யாரும் அசையமாட்டார்கள். இந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் அசைவார்கள்.

2. ஒரு வேலையை முழுதாகப் பழகுங்கள்

"என்ன உதவி வேணும், சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். களைத்தவருக்கு அதை யோசித்துச் சொல்வதே இன்னொரு வேலை. ஒரு வேலையைத் தெரிந்தெடுத்து, அவர் பக்கத்தில் நின்று இரண்டு மூன்று தரம் பார்த்துப் பழகி, பிறகு "செவ்வாயும் வெள்ளியும் இரவுச் சாப்பாடு நான் தீத்துறேன்" என்று சொல்லுங்கள்.

சாப்பாடு தீத்துவதுதான், அதாவது ஊட்டுவதுதான், பழக ஆகக் கடினம். பாரிசவாதத்துக்குப் பிறகு பலருக்கு விழுங்கும் தசை சோர்ந்திருக்கும். சாப்பாடு சுவாசப்பைக்குள் இறங்கினால் நியூமோனியா வரலாம். ஆளை நிமிர்த்தி இருத்தி, நாடியைச் சற்றுக் கீழே தாழ்த்தி, சிறு கரண்டியால் கொடுங்கள். தலையை அண்ணாத்தி ஊற்றவே கூடாது. ஒரு வாய் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்தது. ஒரு பக்கக் கன்னத்துக்குள் சோறு ஒதுங்கிக் கிடக்கும், அதையும் பாருங்கள். முடிந்த பிறகு அரை மணித்தியாலமாவது நிமிர்ந்தே இருக்க வேண்டும்.

எங்கள் சாப்பாடுகளில் எது ஆபத்து என்பது பலருக்குத் தெரியாது. புட்டு உதிரும், தொண்டையில் சிதறும். பருக்கை மிதக்கிற கஞ்சி இலேசானது என்று நினைக்கிறோம். தண்ணீரும் பருக்கையும் வெவ்வேறு வேகத்தில் இறங்குவதால் விழுங்கச் சிரமப்படுபவருக்கு அது கடினம். வெறும் தண்ணீரும் தேத்தண்ணியும் அதைவிட வேகமாக ஓடிப் புரையேறும். கட்டியான எருமைத் தயிர், நன்றாக மசித்த வாழைப்பழம், சொதி விட்டுக் கூழாக அரைத்த சோறு போன்றவை பலருக்குச் சுலபம். அதற்காக எல்லாருக்கும் தயிர் கொடுத்துவிட முடியாது. எந்தப் பதம் சரி என்று பேச்சுச் சிகிச்சையாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். வைத்தியசாலையில் விடுவிக்கும் முன்பே கேட்டு வாங்குங்கள். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்ட பிறகு குரலில் ஈரமான கரகரப்பு, அடிக்கடி காய்ச்சல், இவற்றில் எது கண்டாலும் திரும்பக் காட்டுங்கள்.

அடுத்தது திருப்புவது. தானாக அசைய முடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பக்கம் மாற்ற வேண்டும். வால் எலும்பு, இடுப்பெலும்பு, குதிக்கால், முழங்கை ஆகிய இடங்களைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்தோ கறுத்தோ இருக்கும் இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் நிறம் மாறவில்லை என்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. அங்கே எண்ணெய் போட்டுத் தேய்க்கவேண்டாம், உள்ளே நைந்த சதை இன்னும் கெடும். வளையத் தலையணையும் கையுறைக்குள் தண்ணீர் நிரப்பிக் குதிக்காலுக்கு வைப்பதும் ஊரில் பழக்கமாக இருக்கிறது, இரண்டையும் விடுங்கள். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிக்கால் அந்தரத்தில் நிற்கும்படி செய்தால் போதும்.

தூக்குவதில் நான் செய்த பிழையைச் சொல்கிறேன். முதல் நாள் அம்மாவைக் கட்டிலில் மேலே ஏற்ற, வாதம் விழுந்த கையைப் பிடித்து இழுத்தேன். அம்மா அலறினார். அந்தத் தோள் மூட்டைத் தாங்கத் தசையில் பலம் இல்லை. இழுத்தால் மூட்டே இறங்கிவிடும். பிறகு பிசியோ மிஸ் காட்டித் தந்தது இது: ஒரு பழைய சாரத்தை (லுங்கியை) நாலாக மடித்து முதுகுக்கும் தொடைக்கும் கீழே விரியுங்கள். இரண்டு பேர் இரு பக்கமும் சாரத்தைச் சுருட்டிப் பிடித்து, முழங்காலை மடித்து, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி நகர்த்துங்கள். கதிரைக்கு மாற்றும்போது கதிரையை நோயாளியின் பலமான பக்கத்தில் வையுங்கள்.

கட்டிலின் உயரம் இன்னொன்று. அக்காவின் நாரி நோவுக்கு நாங்கள் ஒரு வருடம் களிம்பு பூசினோம். காரணம் கட்டில்தான்; அது அவரின் முழங்காலுக்கும் கீழே இருந்தது. நாலு காலுக்கும் குழி வெட்டிய மரக்கட்டை வைத்து இடுப்பளவுக்கு உயர்த்தியதும் நோவு பாதியாகக் குறைந்தது. ஆனால் தானாக எழும்பி இறங்க முயற்சிக்கிற நோயாளியின் கட்டிலை உயர்த்தாதீர்கள், விழுந்துவிடுவார்.

3. நோய்க்கு நோய் பாரம் மாறும்

பார்க்கின்சனில் நேரம்தான் எல்லாம். லெவோடோபா மாத்திரை அரை மணித்தியாலம் பிந்தினால்கூட ஆள் கட்டை மாதிரி இறுகிவிடலாம். மீன், பருப்பு, பால் சேர்ந்த சாப்பாட்டோடு போட்டால் சிலருக்கு மருந்து சரியாக ஏறாது. சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன் கொடுப்பது வழக்கம். திடீரென்று நிறுத்துவது ஆபத்து. நடக்கும்போது கால் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். நிலத்தில் ஒரு கோடு காட்டி "இதைத் தாண்டுங்க" என்றால் கால் எழும்பும். பார்க்கவே அதிசயமாக இருக்கும்.

மறதி நோயில் தொடக்கத்தில் உடம்பு வேலை குறைவு, மன வேலை அதிகம். செத்துப்போன தாயை "எங்க?" என்று பெரியம்மா கேட்கும்போது, செத்துவிட்டார் என்று ஒவ்வொரு தரமும் சொன்னால் ஒவ்வொரு தரமும் புதிதாக அழுவார். "அவட கறி நல்லாயிருக்குமா?" என்று கதையை அவர் பக்கமே திருப்புங்கள். பின்னேரம் கருகும் நேரத்தில் பதற்றம் கூடும். உதவிக்குப் போக ஏற்ற நேரம் அதுதான். எங்கள் ஊர்களில் கிணறும் வாவியும் பெரிய பயம். கிணற்றுக்கு வலை போட்டு மூடுங்கள், படலைக்குச் சங்கிலியும் மணியும் கட்டுங்கள், சட்டைப் பையில் தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டை வையுங்கள். சந்திக் கடைக்காரரிடமும் ஓட்டோக்காரரிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். வெட்கப்பட்டு மறைப்பதால்தான் தேடுவது பிந்துகிறது.

வலிப்பு வந்தால் பக்கவாட்டில் சரித்து, தலைக்குக் கீழே துவாய் வைத்து, நேரத்தைப் பாருங்கள். கையில் இரும்பும் வேண்டாம், வாயில் கரண்டியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், அது இலவச அம்புலன்ஸ். வாவியிலும் கிணற்றடியிலும் தனியாகக் குளிக்க விடாதீர்கள்.

பாரிசவாதம் இரண்டாம் தரமும் வரலாம். வாய் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சுக் குழறினால் எண்ணெய் தேடாமல், தண்ணீர் ஓத ஆள் தேடாமல் 1990க்கு அழையுங்கள். அது இலவச அம்புலன்ஸ். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணித்தியாலத்துக்குள் போடவேண்டியது, அதுவும் ஸ்கேன் பார்த்த பிறகு. அதனால் கடைசியாக எத்தனை மணிக்கு ஆள் நன்றாக இருந்தார் என்பதை எழுதிக்கொண்டு போங்கள். நேர்த்தியையும் நூலையும் பிறகு பார்க்கலாம், அம்மன் கோவிக்கமாட்டா.

4. முறை வைப்பது

அந்தக் கொப்பியை நடுவில் வைத்து எல்லாச் சகோதரரும் கூடுங்கள். கட்டாரில் இருப்பவர் வட்சப் வீடியோவில் வரட்டும். எங்கள் வீட்டில் அண்ணன் மாதம் தவறாமல் காசு அனுப்பினார், அதனால் தன் பங்கு முடிந்தது என்று நினைத்தார். நியாயம்தான், ஆனால் காசு இரவு இரண்டு மணிக்கு எழும்பாது. கடைசியில் முடிவானது: அண்ணன் காசில் வாரத்துக்கு நாலு நாள் ஒரு பெண் உதவிக்கு வருவது, சின்னக்கா புதன், ஞாயிறு இரவுகள், நான் மாதத்தில் இரண்டு வார இறுதி, கிளினிக் நாளோடு சேர்த்து.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. தாயின் உடம்பைக் கழுவி உடுப்பு மாற்ற மகன் தயங்கலாம், தாயும் கூசலாம். பரவாயில்லை. உடுப்புத் தோய்ப்பதும் சோறு வைப்பதும் பார்மசிக்கு ஓடுவதும் இரவுக் காவலும் உங்களுக்குத் தடை இல்லை. தகப்பனாக இருந்தால் சவரம் செய்துவிடுவது முழுதும் உங்கள் வேலை.

முறை என்றால் நாளும் நேரமும் சொன்னபடி நடக்க வேண்டும். நீங்கள் வருவதாகச் சொல்லி வராமல் விட்ட ஒரு புதன்கிழமை, வராமலே இருப்பதைவிட மோசம். அவர் அன்றைக்கென்று ஒத்திவைத்த தூக்கம் அது.

5. கிளினிக் நாள்

வாவிக்கு மேற்கே இருக்கும் எங்கள் படுவான்கரையில் கிளினிக் என்றால் முழு நாள். மண்டூரிலிருந்து பாதையில் (ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றும் மிதவையில்) வாவியைக் கடந்து குருமண்வெளிக்கு வந்து, களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ போகவேண்டும். இருக்க முடியாத நோயாளி என்றால் ஓட்டோவோ வானோ பிடித்துப் பட்டிருப்புப் பாலத்தால் சுற்ற வேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்தாருக்குப் பாடு குறைந்தது. கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்தாருக்கு வேறு வழிகள், அலைச்சல் ஒன்றுதான்.

கிளினிக்குக்கு இரண்டு பேர் போங்கள். ஒருவர் விடியவே போய் இலக்கம் எடுக்கட்டும், மற்றவர் நோயாளியோடு பிறகு வரலாம். முதல் நாள் இரவே மூன்று கேள்வியை எழுதிவையுங்கள். டொக்டருக்கு முன்னால் இரண்டு நிமிடம்தான் கிடைக்கும், பதற்றத்தில் எல்லாம் மறக்கும். ஒரு கேள்வி கட்டாயம் பார்ப்பவரைப் பற்றியதாக இருக்கட்டும்: "இரவில் இவவைத் தூக்க நான் ஒருத்திதான், வேறு வழி உண்டா?" இதைக் கேட்டால்தான் பிசியோ, தொழில்வழிச் சிகிச்சை, சமூக சேவைப் பிரிவு என்று கதவுகள் திறக்கும். ஒரு தரம் எங்களை ஒரு மருந்து மேசையில் கடிந்து அனுப்பினார்கள், அக்கா அழுதுகொண்டு வந்தார். அடுத்த மாதம் நான் போய் அமைதியாகத் திரும்பக் கேட்டேன், மருந்து தந்தார்கள். களைத்தவரை இப்படியான வரிசையில் நிறுத்தாதீர்கள்.

6. காகிதமும் காசும்

இதை வெளியார் ஒருவர் எடுத்துச் செய்வது பெரிய உதவி. ஒரு பைல் வாங்கி, அடையாள அட்டைப் பிரதி, கிளினிக் கொப்பிப் பிரதி, வைத்தியச் சான்று, கிராம உத்தியோகத்தரின் கடிதம், வங்கிப் புத்தகப் பிரதி எல்லாவற்றிலும் மூன்று மூன்று வையுங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்து, மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கும் சக்கர நாற்காலி போன்ற உபகரணத்துக்கும் விண்ணப்பியுங்கள். வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆக உயர்ந்தது. 60 வயது தாண்டியவருக்கு முதியோர் அடையாள அட்டையும் அங்கேயே கிடைக்கும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டப்படி பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகள் எல்லாரின் கடமை. வீடு வாங்கிய மகளின் கடமை மட்டும் என்று அதில் இல்லை.

மறதி நோய் தொடங்கும் வீட்டில் சொத்துக் காகிதங்களையும் வங்கிக் கணக்கையும் பிந்தவிடாதீர்கள். ஆளுக்கு விளங்கும் காலத்திலேயே சட்டத்தரணியிடம் போக வேண்டும்.

7. அக்காவின் உடம்பு

பார்ப்பவருக்கும் பிரஷர், சீனி இருக்கும். தன் கிளினிக்கைத்தான் அவர் முதலில் விடுவார். 35 வயது தாண்டியவர்களுக்கு அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இலவசப் பரிசோதனை உண்டு. போகச் சொன்னால் மட்டும் போதாது, அந்தக் காலை நேரத்துக்கு நீங்கள் நோயாளியோடு இருக்க வேண்டும்.

பார்க்க வருகிறவர்கள் சிலவற்றைச் சொல்லாமல் இருந்தால் அதுவே உதவி. "ஏன் இப்பிடி மெலிஞ்சு போனா, ஒழுங்காக் குடுக்கிறல்லியா?" என்று வாசலில் நின்று கேட்ட ஒரு மாமியை அக்கா இன்னும் மறக்கவில்லை. "உனக்குப் புண்ணியம் மனே" என்பதும் சில நாட்களில் எரிச்சலாகத்தான் இருக்கும்.

அவர் கோபப்படுவார், சில நேரம் கை ஓங்கும் அளவுக்கு. அதை அவரே உங்களிடம் சொன்னால் அதிர்ச்சி காட்டாதீர்கள். அந்த நேரத்தில் நோயாளியைப் பத்திரமாகக் கிடத்திவிட்டு முற்றத்துக்குப் போய் நில்லுங்கள் என்று சொல்லுங்கள். பிறகு உங்களுக்குப் போன் எடுக்கட்டும். "ரெண்டு பேரும் ஒண்டாப் போய்ச் சேர்ந்தா நல்லம்" என்று சொன்னால் அதைப் பேச்சுக்கு என்று விடாதீர்கள். சாக நினைக்கிறீர்களா என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாக விடாதீர்கள். வயலுக்கு அடிக்கிற மருந்து வீட்டில் இருந்தால் அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கம். வைத்தியசாலை மனநலப் பிரிவுக்கும் கூட்டிப் போகலாம்.

அவருக்கு என்ன பிடிக்கும் என்பதையும் விட்டுவிடாதீர்கள். அக்கா மூன்று வருடம் மண்டூர் முருகனின் தீர்த்தத்துக்குப் போகவில்லை. கோயில் நடந்து போகிற தூரம்தான். நாலாம் வருடம் நானும் சின்னக்காவும் அம்மாவோடு இருந்தோம். போய்விட்டு வந்தவர் இரண்டு நாள் வேறு ஆளாக இருந்தார்.

8. மாரிக்கு முன்

கார்த்திகை வந்தால் எங்கள் பக்கம் வெள்ளம். 1978 நவம்பர் சூறாவளியை வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் ஊரே தண்ணீருக்குள் நின்றது. 2024 நவம்பரிலும் அப்படித்தான். படுக்கையில் இருப்பவரைத் தண்ணீர் முற்றத்துக்கு வந்த பிறகு தூக்க முடியாது. புரட்டாதிக்குள் கிராம உத்தியோகத்தரிடம் "இந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார்" என்று பதியுங்கள். இரண்டு கிழமைக்கு மருந்தும் பம்பஸும் சேருங்கள், கிளினிக் கொப்பியைப் பொலித்தீனில் சுற்றுங்கள், மேட்டில் இருக்கும் உறவுக்காரர் வீட்டில் ஓர் அறை கேட்டு வையுங்கள். மழை இரண்டாம் நாளும் விடாவிட்டால் அன்று பகலிலேயே மாற்றுங்கள். காற்று எழும்பினால் பாதை ஓடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

9. முப்பத்தொன்றுக்குப் பிறகு

அம்மா போன வருடம் போய்ச் சேர்ந்தார். எட்டாம் நாள் சடங்குக்கும் முப்பத்தோராம் நாள் சடங்குக்கும் வீடு நிறைய ஆட்கள். அதற்குப் பிறகு ஒருவரும் இல்லை. அக்கா பல மாதம் இரவு இரண்டு மணிக்குத் தானாக எழும்பினார், திருப்ப ஆள் இல்லை. முறை வைத்த புதன்கிழமையை அப்போதும் விடாதீர்கள். அதே நேரத்துக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடியுங்கள். மிச்ச மருந்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காமல் வைத்தியசாலைப் பார்மசியில் என்ன செய்வதென்று கேளுங்கள். சக்கர நாற்காலியையும் காற்று மெத்தையையும் அக்காவுக்கு மனம் வந்த பிறகு கைமாற்றலாம், அவசரம் இல்லை.

கட்டிலுக்கு வைத்த நாலு கட்டையையும் போன மாதம் வெல்லாவெளியில் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோனோம். அக்காவும் வந்தார். அந்தக் கட்டில் ஏற்கெனவே கொஞ்சம் உயரம், கட்டை ஒரு அங்குலம் கூடிவிட்டது. வாள் இரவல் வாங்கி முற்றத்திலேயே அறுத்தேன். நான் அறுத்து முடிய முன்னம், அக்கா உள்ளே அந்த வீட்டுப் பிள்ளைக்குச் சாரம் மடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.